டென்மார்க்கின் ஊர் மின்நிலையங்கள்

டென்மார்க் நாட்டின் யூட்லாந்து தீபகற்பத்தில் அஸ்கோவ் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்து இளைஞர்களுக்குத் தேர்வோ பட்டமோ இன்றிக் கல்வி அளித்த மக்கள் உயர்பள்ளி ஒன்றின் ஆசிரியரான பௌல் ல கூர், 1891இல் அரசின் நிதியுதவியுடன் மின்சாரம் ஆக்கும் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று ஓய்ந்திருக்கும் வேளைகளுக்காக அவர் அம்மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து, கிடைத்த ஹைட்ரஜனைச் சேமித்துப் பள்ளியின் விளக்குகளை எரித்தார். 1904இல் அங்கே தொடங்கிய ஊரக மின்பணியாளர் பயிற்சியில் கற்றவர்களுள் ஒருவரான யோஹானஸ் யூல், அரை நூற்றாண்டுக்குப் பின், 1957இல், கெட்சரில் 200 கிலோவாட் திறனுள்ள மூன்று இறக்கைக் காற்றாலையை அமைத்தார். பிற்காலத்து டேனியக் காற்றாலைகளின் வடிவம் இதிலிருந்தே கிளைத்தது.

ஆயினும் அதற்குள், ஊர்ச் சங்கங்கள் ஆங்காங்கே நடத்திவந்த சிறு மின்நிலையங்கள் பெரும்பாலும் மறைந்து, கடலோரத்துப் பெரிய அனல்மின் நிலையங்களே நாட்டுக்கு மின்சாரம் வழங்கின. மலிவான எண்ணெயின் முன் கெட்சர் காற்றாலையும் 1967இல் நிறுத்தப்பட்டது. 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது டென்மார்க்கின் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இறக்குமதி எண்ணெயாகவே இருந்தமையால், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே அரசு தடைசெய்ய நேர்ந்தது.

இந்நெருக்கடியில் டேனியர் கண்டறிந்த வழியை வெறும் சிக்கனம் என்று கருதுவது தவறு. நீராவியால் சுழலியை இயக்கி மின்சாரம் மட்டும் ஆக்கும் நிலையம், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றுகிறது. எஞ்சியது கடல்நீரில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. அவ்வெப்பத்தை வெந்நீராக்கிக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பினால், எரிபொருளில் எண்பத்தைந்து விழுக்காடு வரை பயன்படும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே தரும் இம்முறை கூட்டுற்பத்தி எனப்படுகிறது. 1903இலேயே ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கின் குப்பை எரிப்பு நிலையம் இதனைச் செய்துகாட்டியிருந்தது. ஆனால் கம்பியில் மின்சாரம் செல்லும் தொலைவுக்குக் குழாயில் வெந்நீரைக் கொண்டுசெல்வது கட்டுபடியாகாது என்பதால், வீணாகும் வெப்பத்தைக் காக்க வேண்டுமானால் நிலையமே ஊருக்கு அருகில் வரவேண்டும். ஆற்றல் திறனும் பரவலாக்கமும் டென்மார்க்கில் ஒன்றாக வளர்ந்ததற்கு இந்த எளிய பௌதிக உண்மையே முதற்காரணம் என்று கூறுவதில் தயக்கம் தேவையில்லை.

1979ஆம் ஆண்டின் வெப்ப வழங்கல் சட்டம் எந்தப் பகுதிக்கு எவ்வகை வெப்பம் என்று திட்டமிடும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது; கூட்டுற்பத்தியைப் பரப்புவதற்கான 1990இன் அரசியல் உடன்பாட்டுக்குப் பின், வெப்பம் மட்டுமே தந்துவந்த ஊர் நிலையங்கள் பல, இயற்கை எரிவாயுவில் இயங்கும் கூட்டுற்பத்தி நிலையங்களாக மாறின. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பொது வெப்பக் குழாய்களோடு இணைந்துள்ளன.

காற்றாலைகளும் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மக்களிடமிருந்தே மீண்டெழுந்தன. 1979 முதல் பத்தாண்டுகள் அரசு முதலீட்டு மானியம் வழங்கியது. அண்டை அயலார் பங்கு சேர்ந்து காற்றாலை வாங்கினர். எண்ணெய்க்கு மாற்றாகக் கருதப்பட்டுவந்த அணுமின் திட்டத்தையோ 1985இல் நாடாளுமன்றம் கைவிட்டது. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த மிடில்குரூண்டன் காற்றாலைகள் இருபதில் பாதி, ஆயிரக்கணக்கான பங்குதாரர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியவை. ஆனால் 2002இல் வடகடலில் ஹார்ன்ஸ் ரெவ் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட எண்பது காற்றாலைகள் மின்நிறுவனத்தின் உடைமையாகவே தொடங்கின. கடலுக்குள் செல்லச் செல்ல, முதலீட்டின் அளவு ஊர்ச் சங்கங்களின் கைக்கு எட்டாததாயிற்று.