சேணத்தைக் கழற்றணுமா, வேண்டாமா?

குதிரைப் பந்தயம் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்போம். ஒரே நாளில் 100 மைல் போகிற பந்தயமும் இருக்கிறது. வழியில் ஆங்காங்கே குதிரையை நிறுத்தி, கால்நடை மருத்துவர் சரி என்று சொன்னால்தான் மேலே போகலாம். அந்தச் சோதனையில் சேணத்தைக் கழற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல, கொஞ்சம் சரித்திரம் பார்க்கணும்.

1892 அக்டோபரில் ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவ அதிகாரிகள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே போட்டி வைத்தார்கள். சுமார் 570 கிலோமீட்டர். ஸ்டார்ஹெம்பர்க் என்ற ஆஸ்திரிய அதிகாரி 71 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து ஜெயித்தார். ஆனால் அவருடைய குதிரை பிறகு செத்துப்போனது. அது மட்டுமல்ல, இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. வேகத்தை மட்டும் கணக்கு பார்த்ததன் விலை!

1955-ல் அமெரிக்காவில் வெண்டெல் ரோபி என்பவர் தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் வரை 100 மைல் சவாரியைத் தொடங்கினார். டெவிஸ் கோப்பை என்று பெயர் பெற்றது இதுதான். 1964 முதல் அங்கே ஹாகின் கோப்பை என்று இன்னொரு பரிசும் தருகிறார்கள். முதல் பத்து இடத்துக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கு. அதாவது வேகத்தோடு குதிரையின் நலனும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

சரி, சேணத்துக்கு வருவோம். கழற்ற வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சூடான முதுகிலிருந்து சேணத்தைச் சட்டென்று எடுத்தால், அழுந்தியிருந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வீங்கும் என்று குதிரைப்படையில் நம்பினார்கள். வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பார்கள். குளிர்காற்றில் தசை இறுகும், நேரமும் வீணாகும் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் குதிரையின் உடம்புச் சூடு பெரும்பாலும் வியர்வை காய்வதால்தான் தணியும். சேணத்துக்கு அடியில் காற்று எப்படிப் போகும்? வலியும் வீக்கமும் புண்ணும் வருவதும் அங்கேதான். குளிருக்குக் கம்பளி போர்த்தலாம். எல்லோரும் கழற்றினால் நேர இழப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் படிப்பது காமர்ஸ். குடோனைத் திறக்காமல் சரக்கு சரியாக இருக்கிறது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வோமா? குதிரைக்கு வாய் இல்லை. அதன் கணக்குப் புத்தகம் முதுகுதான். அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.