வாவியின் இரு கரைகளும் நூலகமும்

கல்வி வரலாற்றை நிறுவுநர்களின் வரலாறாகவே நாம் எழுதிவந்துள்ளோம். அந்நிறுவனங்கள் நின்ற இடத்தையும் நோக்குதல் தகும். மட்டக்களப்பில் 1814இல் வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பாடசாலையின் வழிவந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி புளியந்தீவில் உள்ளது. சுவாமி விபுலாநந்தரின் சிவானந்த வித்தியாலயம் 1929இல் கல்லடி உப்போடையில் எழுந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையோ நெல் விளைத்தது.

1945இன் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கிற்று. எனினும் போடியார் வயலில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு வாவியைக் கடக்கும் தடை நீங்கவில்லை. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டதே 2014இல்தான். அதுவரை அங்கு ‘பாதை’ எனும் மிதவையே மக்களை ஏற்றிச் சென்றது.

ஆகவே, மாவட்டப் பாடசாலைகளுக்கு நூலகமும் கணினியும் திட்டமிடுவோர் எல்லோர்க்கும் சமமாகப் பங்கிட்டால், இருநூறாண்டு ஏற்றத்தாழ்வே நீடிக்கும். படுவான்கரையைக் கொண்ட மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்திலிருந்தே திட்டம் தொடங்குதல் வேண்டும். உழைப்போர் பிள்ளையின் கைக்கு நூல் எட்டுகிறதா என்பதே அதன் அளவுகோல் எனக் கருதுகிறோம்.