வேலூர்க் கோட்டைக்குள் ஒரு பேரரசின் முடிவு

விஜயநகரம் எப்போது வீழ்ந்தது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட 1565, தலைக்கோட்டை என்று சொல்லிவிடும். துங்கபத்திரைக் கரையில் இருந்த தலைநகரத்துக்கு அது சரியான விடைதான். அளிய ராமராயர் களத்தில் விழுந்தார். ஹம்பி பல மாதங்கள் கொள்ளைக்கு உள்ளானது. ஆனால் தமிழகத்தைப் பொறுத்தவரை பேரரசு அன்று முடியவில்லை. அதற்குப் பிறகும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மதுரையும் தஞ்சையும் செஞ்சியும் ராயரின் பெயரைச் சொல்லித்தான் ஆண்டன. சில சமயம் மனமுவந்து, பல சமயம் படைக்கு அஞ்சிக் கப்பமும் கட்டின. அந்தக் கட்டு அறுந்த இடம் வேலூர்க் கோட்டை. அறுத்தது எந்த சுல்தானும் அல்ல, ராயரின் சொந்த அரண்மனை. இந்த வாரம் அந்தக் கதை.

தலைக்கோட்டைக்குப் பிறகு ராமராயரின் தம்பி திருமலர் அரசைப் பெனுகொண்டாவுக்கு எடுத்துச் சென்றார். மலைக்கோட்டை, காவலுக்கு ஏற்ற இடம். தன் மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தார். பெனுகொண்டா ஸ்ரீரங்கருக்கு, ஸ்ரீரங்கப்பட்டணம் ராமருக்கு, சந்திரகிரி வேங்கடபதிக்கு. மகன்களுக்குள் மனக்கசப்பு வரக்கூடாது என்று ஒரு தந்தை செய்த ஏற்பாடு அது. பின்னால் வந்த துயரத்தின் வேர் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கோட்டையும் ஒரு கிளைக்குடும்பத்தின் சொத்தாயிற்று. ஒவ்வொரு கிளைக்கும் அரியணை மேல் ஓர் உரிமை வந்தது.

மூவரில் கடைசியாக அரசேறியவர் வேங்கடபதி ராயர். 1586 முதல் 1614 வரை ஆண்டார். சரிந்த பேரரசை மறுபடி நிமிர்த்திய பெருமை அவருக்கு உண்டு. வடக்கே கோல்கொண்டாவைத் தடுத்தார், தெற்கே நாயக்கர்களை வழிக்குக் கொண்டுவந்தார். வேலூரும் அவருடைய காலத்தில்தான் ராயரின் ஊரானது. அந்தக் கோட்டையைக் கட்டியவர் சின்ன பொம்மு நாயக்கர், அப்பைய தீட்சிதரை ஆதரித்த அதே நாயக்கர். அவருக்குப் பின்வந்த லிங்கம நாயக்கர் ராயருக்கு அடங்க மறுத்தார். அவருடைய கூட்டாளிகளை 1601இல் உத்திரமேரூரில் தோற்கடித்தவர் வெலுகோட்டி யாசம நாயக்கர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் வேலூரும் வேங்கடபதியின் கைக்கு வந்தது. ராய வேலூர் என்று பெயர் நிலைத்தது அப்படித்தான்.

இன்று பேருந்தை விட்டு இறங்கி அகழியோரம் நடப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்த மதிலைக் கவனிக்க வேண்டும். பாளம் பாளமான கருங்கல். வெளியே ஒரு தாழ்ந்த சுவர், உள்ளே உயர்ந்த பெருமதில், சுற்றிலும் அகழி. பரப்பு 133 ஏக்கர். நடுவே ஜலகண்டேசுவரர் கோயில், அதன் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரையும் தூணைவிட்டுப் பாய்வதுபோல நிற்கின்றன. தென்னாட்டில் சமதரையில் கட்டிய கோட்டைகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை. ஆனால் வெளிப்பகையைத் தடுக்கக் கட்டிய அந்த மதில், அரசர்களை உள்ளே அடைத்து வைக்கவும் அதே அளவு பயன்பட்டிருக்கிறது. திப்பு சுல்தானின் பிள்ளைகளை ஆங்கிலேயர் இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கேதான் சிறையிருந்து 1832இல் இறந்தார். அந்த வரிசையின் தொடக்கம் 1614.

வேங்கடபதிக்கு மனைவியர் பலர், மகன் இல்லை. அரசியரில் ஒருத்தி கொப்பூரிக் குடும்பத்துப் பெண். கருவுற்றதாக ஊரை நம்பவைத்து, வேறொருத்தியின் குழந்தையைத் தன் குழந்தையாகக் காட்டினாள் என்று அந்தக் காலத்து எழுத்துகள் சொல்கின்றன. அரசருக்கு உண்மை தெரியும். தெரிந்தும் அவளை அவமானப்படுத்த மனமில்லாமல் அந்தப் பிள்ளையை அரண்மனையில் வளரவிட்டார். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொப்பூரி ஜக்கராயன் கையில் ஆயுதமாகப் போய்ச் சேர்ந்தது அந்தப் பிள்ளைதான். அரசியின் உடன்பிறந்தவன் அவன். பிள்ளைக்கு மாமன்.

சாவு நெருங்கியபோது வேங்கடபதி தெளிவாக இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கிளையில் அண்ணன் ராமருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் திருமலர், மதுரை முற்றுகையின்போது சித்தப்பாவுக்குத் துரோகம் செய்தவர். 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே மைசூர் ராஜ உடையாரிடம் இழந்துவிட்டார். அதனால் இளையவர் ஸ்ரீரங்கரை வேங்கடபதி அழைத்தார். பிரபுக்கள் எல்லோரும் பார்த்திருக்க, தன் விரலிலிருந்த அரச மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். எனக்கு வேண்டாம், விருப்பமானவருக்குக் கொடுங்கள் என்று ஸ்ரீரங்கர் அழுதபடி மறுத்தாராம். கிழவர் விடவில்லை. மூன்று நாள் கழித்து, 1614 அக்டோபரில், இறந்தார். சந்தனக் கட்டையும் அகிலும் அடுக்கிய சிதையில் மூன்று அரசியர் உடன்கட்டை ஏறினார்கள்.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் மனுவேல் பாரதாஸ் என்ற போர்த்துகீசிய ஏசு சபைப் பாதிரியார். 1616 டிசம்பர் 12 தேதியிட்ட அவருடைய கடிதத்தை ராபர்ட் சூவெல் தன் விஜயநகர வரலாற்று நூலில் 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இதைத் தொடர்ந்து வந்த போரைத் தெலுங்கு, சமஸ்கிருதக் காவியங்களும் பாடுகின்றன. அவை வென்றவர்களின் சபையில் பாடப்பட்டவை. பாரதாஸ் எந்தப் பக்கத்துக்கும் கடன்பட்டவர் அல்ல. அவருடைய படைக் கணக்குகள் பெருத்துத் தெரிகின்றன, ஆனால் அரண்மனைக்குள் நடந்ததை அவர் சொல்லும் விதத்தில் நேரில் பார்த்தவர்களின் குரல் கேட்கிறது.

அவர் சொல்வது இது. புதிய அரசருக்கு மூன்று பிரபுக்கள் மட்டும் வணக்கம் செலுத்த வரவில்லை. ஜக்கராயன், திம்ம நாயக்கன், மாக்கராயன். ஜக்கராயன் ஒருவனே 20,000 வீரர்களைக் களத்தில் இறக்கக்கூடியவன். பொறுமையாகக் கையாண்டிருந்தால் மற்ற பிரபுக்களை வைத்து இவர்களை அடக்கியிருக்கலாம். ஸ்ரீரங்கர் பொறுக்கவில்லை. தன் மகன்களுக்காக மூன்று கோட்டைகளை விட்டுக்கொடுக்கும்படி தளவாயிடம் கேட்டார். மறைந்த அரசரின் பணத்தைத் திருடியதாக அமைச்சர்மேல் குற்றம் சாட்டி அந்தத் தொகையைக் கேட்டார். இன்னொரு பிரபுவிடம், அவருடைய சகோதரியான பழைய அரசி கொடுத்து வைத்திருந்த நகைகளைக் கேட்டார். மூவரும் இரண்டு நாளில் தருகிறோம் என்று தலையாட்டிவிட்டு நேரே ஜக்கராயனிடம் போனார்கள்.

தளவாயிடம் கோட்டையைக் கேட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் வரி கோட்டைக்காரனுக்கு. அந்த வரியில்தான் அவன் படை சோறு தின்றது. அதைப் பிடுங்கினால் அவனுக்கு எதுவும் மிஞ்சாது. அரசேறிய சில நாளிலேயே, படையைக் கையில் வைத்திருக்கும் தளவாயிடம் போய் அதைக் கேட்டார் ஸ்ரீரங்கர்.

ஜக்கராயனிடமிருந்து செய்தி வந்தது. மனம் மாறிவிட்டேன், வந்து வணங்குகிறேன் என்று. அரசர் நம்பிக் கதவைத் திறக்கச் சொன்னார். 5,000 பேரோடு ஜக்கராயன் உள்ளே வந்தான். முதல் மதில் வாசலில் ஆயிரம் பேரை நிறுத்தினான். இரண்டாம் மதில் வாசலில் இன்னும் ஆயிரம் பேர். மறுபக்கத்து வாசல்களைத் தளவாயின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். துரோகம் என்று கூச்சல் எழுந்தபோது அரசருக்கு மிஞ்சியது அரண்மனைக் கதவு மட்டும். அதையும் உடைக்கத் தொடங்கினார்கள். உயிருக்குத் தீங்கில்லை, அரசு மட்டும் அந்தப் பிள்ளைக்கு என்று மாக்கராயன் வாக்குக் கொடுக்க, ஸ்ரீரங்கர் மனைவி மக்களோடு வெளியே வந்தார். இறுகிய முகம், தாழ்ந்த பார்வை. வழக்கம்போலத் தலைமேல் கைகூப்பி வணங்க அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. அவரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் பிள்ளைக்கு முடிசூட்டி, கஜானாவைத் திறந்து, பங்கும் பிரித்துவிட்டார்கள். சேராமல் நின்றவர் யாசம நாயக்கர் ஒருவர்தான். தன் பொறுப்பிலிருந்த வாசலின் சாவி அவரிடமே இருந்தது. அந்த வழியாக 8,000 வீரர்களுடன் வெளியேறினார்.

அடுத்து நடந்ததில்தான் என் மனம் தங்கிவிடுகிறது. அரச குடும்பத்தைச் சுற்றிக் கடுங்காவல். உள்ளே போய்வர அனுமதி பெற்ற சிலரில் ஒருவர் அழுக்குத் துணி எடுக்க வரும் வண்ணார். யாசம நாயக்கர் அவர் மூலமாகத்தான் அரசரின் இரண்டாவது மகன் ராமதேவனை வெளியே கொண்டுவந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதுபோல இருக்கும். மூட்டையோடு பிடிபட்டிருந்தால் அந்த வண்ணாரின் குடும்பத்தில் ஒரு உயிர் மிஞ்சியிருக்காது. சதி செய்த பிரபுக்களின் பெயரும் வருமானமும் பாரதாஸ் கடிதத்தில் துல்லியமாக இருக்கின்றன. ஒரு பேரரசின் வாரிசைத் தோளில் சுமந்தவரின் பெயர் இல்லை. பாடிய புலவர்களும் யாசமரைத்தான் பாடினார்கள்.

வாரிசு வெளியே போய்விட்டான் என்றதும் பிரபுக்கள் சிலர் யாசமர் பக்கம் சாய்ந்தார்கள். அரசரையும் மீட்கச் சுரங்கம் தோண்டினார்கள், பலிக்கவில்லை. காவல் இன்னும் இறுகியது. பிறகு கோட்டைக்குள்ளிருந்த ஒரு தளபதி மனம் மாறி, காவலர்களை வெட்டிவிட்டு யாசமருக்கு ஆள் அனுப்பினார். யாசமர் வந்து சேர்வதற்குள் ஜக்கராயனின் தம்பி முந்திக்கொண்டான். அரசர் தன் கையாலேயே சாக வேண்டும், இல்லையேல் குத்திக் கொல்லப்படுவார் என்று கட்டளை. ஸ்ரீரங்கரும் அவருடைய மனைவியும் அவர்களோடு இருந்த பிள்ளைகளும் அன்று இறந்தார்கள். எப்படி என்று பாரதாஸ் விரிவாகவே எழுதியிருக்கிறார். குழந்தைகளின் சாவை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை.

செய்தி பரவியதும் நாடு கொதித்தது. ஜக்கராயன் வேலூரிலிருந்து தெற்கே இறங்கினான். மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும் அவனோடு சேர்ந்தார்கள். கொலைகாரன் மேல் பாசத்தால் அல்ல. வலுவுள்ள ராயர் யாராக இருந்தாலும் கப்பம் கேட்பார். பொம்மை ராயர் இருந்தால் கேட்கமாட்டார். தஞ்சை ரகுநாத நாயக்கர் மட்டும் சிறுவன் ராமதேவன் பக்கம் நின்றார். யாசமர் பையனை அழைத்துக்கொண்டு அவரிடம் வந்தார்.

இரண்டு தரப்பும் மோதிய இடம் தோப்பூர். கல்லணைக்கு அருகில் இன்று தோகூர் என்று வழங்கும் ஊர். திருச்சிச் சமவெளியில் பத்து லட்சம் வீரர் கூடியிருக்கிறார்கள் என்று பாரதாஸ் எழுதினார். அது நம்பக்கூடிய எண் அல்ல, ஆனால் தென்னாடு முழுதும் அங்கே திரண்டிருந்தது என்பது உண்மை. போர் நடந்தது 1616 இறுதியில் என்பது பொதுவான கணிப்பு. ஜக்கராயன் களத்தில் கொல்லப்பட்டான். அவன் படை சிதறியது. மதுரை நாயக்கர் ஓடும்போது திருச்சி அருகே பிடிபட்டார். செஞ்சி நாயக்கருக்குச் செஞ்சியைத் தவிர மற்ற கோட்டைகள் எல்லாம் போயின. எல்லாவற்றுக்கும் காரணமாக நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளையும் சிக்கிக்கொண்டது. 1617இல், பதினைந்து வயதில், ராமதேவ ராயர் அரசேறினார்.

நியாயம் வென்றது என்று இங்கே புத்தகத்தை மூடிவிடலாம். நான் மூடமாட்டேன். இதற்கு முன்னால் ராயர் படை அனுப்பி நாயக்கர்களை அடக்கினார். தோப்பூரில் ஒரு நாயக்கர் படை அனுப்பி ராயரை உட்காரவைத்தார். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது அன்றோடு தலைகீழாயிற்று. 1620இல் டென்மார்க் கப்பல்கள் வந்தபோது தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் ரகுநாத நாயக்கர். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் கடிதம் அனுப்பியவரும் அவர்தான். ராயரைக் காப்பாற்றியவரே வெளிநாட்டு அரசரோடு சமமாகப் பேசினார். அதைத் தடுக்க வேலூரில் வலு இல்லை.

ஜக்கராயனின் தம்பி எதிராஜன் போரை விடவில்லை. சில ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு சமாதானம் ஒரு திருமணத்தில் முடிந்தது. எதிராஜனின் மகளை ராமதேவர் மணந்தார். தன் தாய் தந்தையைக் கொன்ற குடும்பத்தில் அவர் பெண்ணெடுத்தார். அந்த இளைஞர் மணவறையில் என்ன நினைத்திருப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அரசியல் கணக்கு விளங்குகிறது. போரிட அவரிடம் இனி ஆள் இல்லை, பணமும் இல்லை.

1632இல் ராமதேவர் பிள்ளையில்லாமல் இறந்தார். முப்பதை ஒட்டிய வயது. அரசுரிமை பெத்த வேங்கடருக்கு, அளிய ராமராயரின் பேரனுக்கு என்று முடிவானது. ஆனால் உரிமை தனக்கே என்று ராமதேவரின் உறவினர் திம்மராஜன் முந்திக்கொண்டு வேலூரைப் பிடித்தார். முறைப்படி அரசரானவர் ஆனைகுந்தியைவிட்டு மூன்று ஆண்டுகள் நகர முடியவில்லை. இந்தமுறை செஞ்சி நாயக்கர் எந்தப் பக்கம் நின்றார், திம்மராஜன் கதை எப்படி முடிந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)