நத்தையின் உத்தியோகம்

வீட்டில் மீன் வளர்க்கும் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சாதாரணமாகத் தங்க மீனிலிருந்து ஆரம்பிப்பார்கள். சீனத்துச் சக்கரவர்த்திகள், பீங்கான் ஜாடிகள், ஐரோப்பியச் சீமாட்டிகள் என்று கதை அழகாக வளர்ந்துகொண்டு போகும். என் அபிப்பிராயம் வேறு. கண்ணாடித் தொட்டியின் உண்மையான சரித்திரம் ஒரு நத்தையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1849-ஆம் வருஷம் லண்டனில், மருந்து வணிகர் சங்கத்தின் மண்டபத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் உத்தியோகத்தில் இருந்தார். அந்த நாளில் மீன் வைத்திருந்த வீடுகளில் அடிக்கடி தண்ணீர் மாற்றுவது பெரிய வேலை. மறந்துவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். வெளிச்சம் பட்டால் செடிகள் கெட்ட காற்றை நல்ல காற்றாக்குகின்றன என்று பிரீஸ்ட்லியும் இங்கன்ஹவுஸும் 1770-களிலேயே காட்டியிருந்தார்கள். அப்படியானால் மீனையும் நீர்ச்செடியையும் ஒன்றாக வைத்தால் தண்ணீரை மாற்றவே வேண்டாமே என்று வாரிங்டனுக்குத் தோன்றிற்று. 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் சேறும் பரப்பி, நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்நீரியாச் செடியை நட்டு, இரண்டு சிறிய தங்க மீன்களை விட்டார்.

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. மீன் விட்டதைச் செடி வாங்கிக்கொண்டது, செடி விட்டதை மீன் வாங்கிக்கொண்டது. ஆனால் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கிற்று. கண்ணாடியின் உட்புறத்தில் பச்சைப் பாசி வழவழவென்று படர்ந்தது. குளத்துப் படித்துறையில் ஒரு தடவையாவது வழுக்கி விழுந்தவர்களுக்குப் பாசியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சமும் கொஞ்சம் கழிவின் சத்தும் போதும். அழைக்காமலே வந்து குடியேறிவிடும்.

குளத்தில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று வாரிங்டன் யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகல் இலையையும் பாசியையும் மேய்ந்து தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு ஆகாரமாயின. 1850-ல் இதையெல்லாம் லண்டன் ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்.

பிறகு நடந்தது உலக வழக்கம். மீனும் செடியும் புகழ் பெற்றன. நத்தையை யாரும் நினைக்கவில்லை. 1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி எடுபட்டுக் கண்ணாடி மலிந்திருந்தது. 1853-ல் ரீஜண்ட் பூங்கா மிருகக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் ஊரெல்லாம் மோகத்தைக் கிளப்பிற்று. வரவேற்பு அறை தவறாமல் தொட்டி வந்தது. எத்தனையோ தொட்டிகள் பச்சைக் குழம்பாகி, நாற்றமெடுத்து, கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தன. 1860-களின் பிற்பகுதிக்குள் மோகம் தணிந்துவிட்டது.

நத்தையின் உத்தியோகம் மட்டும் காலியாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வெப்ப நாட்டு மீன்களை விமானத்தில் அனுப்பும் வசதி வந்ததும், அதற்குப் பல மனுக்கள் வந்தன. பிரேஸில் பக்கத்து ஓடோசிங்க்ளஸ் விரல் நீளம்கூட இராது. இலையை நோகாமல் துடைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். கூட்டமாக வைத்தால்தான் தைரியமாக நடமாடும். அது ஒன்றுதான் குறை. இன்னொன்றுக்குச் சீனத்துப் பாசி தின்னி என்று பெயர். வாழ்வதோ பெரும்பாலும் தாய்லாந்திலும் காம்போஜத்திலும். செவுளுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகத் தனியாக ஒரு துவாரம் வைத்திருக்கிறது. பாறையைக் கவ்வியபடியே மூச்சு விடலாம்! சிறு வயதில் பாசி தின்கிற இந்த ஆசாமி, வளர வளர அந்த ருசி குறைந்து, பக்கத்தில் போகும் தட்டையான மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு சுரண்டத் தொடங்குகிறார்.

கடைகளில் அதிகம் விற்பது தென் அமெரிக்கச் சக்கர் மீன்தான். எலும்புத் தகடு போர்த்த உடம்பு, வயிற்றுப் பக்கம் வட்டமான உறிஞ்சு வாய். இதன் உறவுக்கார மீன் ஒன்றை 1758-ல் லின்னேயஸ், ருஷ்யாவில் முட்டைக்காகப் பிடிக்கும் ஸ்டர்ஜன் இனத்தில் சேர்த்துவிட்டார்; அந்தத் தகடுகளைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். வாங்கும்போது இரண்டு அங்குலம். வளர்ந்தால் ஓர் அடிக்கு மேல். இரண்டடித் தொட்டிக்குள் அது திரும்பினால் செடி பெயர்ந்து வருகிறது. அப்புறம் என்ன செய்வது? கொல்ல மனம் வராத நல்லவர்கள் இரவோடு இரவாக ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள்.

பாசியும் சேறும் உள்ள தண்ணீரில் அதற்குப் பஞ்சமே கிடையாது. முட்டையிடக் கரையில் ஆழமாக வளை தோண்டுகிறது; கரை சரிகிறது. மெக்ஸிகோவில் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பிழைத்த செம்படவர்களின் வலைகளில் இந்த மீனே வந்து நிறைந்தது. ப்ளோரிடாவில் உண்டு. நம் பக்கத்தில் கல்கத்தாவின் ஈரநிலங்களிலும், ஆந்திரத்திலும், கேரளக் கால்வாய்களிலும், சென்னை நீர்நிலைகளிலும் வந்தாயிற்று. முள் சிக்கினால் வலை கிழிகிறது, கட்லாவும் ரோகுவும் வாங்குகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. வலைக்காரர் திட்டிக்கொண்டே கரையில் எறிகிறார். எறிந்த மீன் சீக்கிரத்தில் சாவதில்லை. வயிற்றாலேயே காற்றை வாங்கி மூச்சு விடும் வித்தை அதற்குத் தெரியும். மணிக்கணக்காக அப்படியே கிடக்கிறது.