சாவகத்து மூங்கில் வீடும் எலியும்

மணிமேகலையைக் கற்றோர்க்குச் சாவக நாடு புதியதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்த அந்நாட்டை இன்றைய ஜாவாவெனக் கொள்வாருளர். எலியைக் கொல்வதினும் எலிக்கு இடங்கொடாத வீட்டைக் கட்டுவதே தக்க வழி என்னும் கருத்து அந்த ஜாவாவிலேதான் பேரளவிற் செயலாயிற்று.

1910இல் அங்கு விளைச்சல் குன்றவே, இரங்கூன் அரிசி சுரபாயாத் துறைக்கு வந்தது. மூட்டைகளோடு பிளேக் நோயும் வந்திறங்கியது. 1911இல் மாலாங் வட்டாரத்தில் மக்கள் மடியலாயினர். எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொணர்வது தெள்ளுப்பூச்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கராச்சியில் ஆய்ந்து கூறியிருந்தார். பல்லாண்டுகள் அதனை நம்பியவர் சிலரே. எலி செத்தவுடன் தெள்ளு அவ்வுடலை நீங்கி வேறோர் உடலைத் தேடும். ஆகவே வீட்டுக்குள் எலியைக் கொன்று குவிப்பது தீங்காகவும் முடியலாம்.

அவ்வெலி குடியிருந்த இடம் எது? ஜாவாக் குடியானவனின் வீட்டில் தூண் மூங்கில், உத்தரம் மூங்கில், படுக்கும் கட்டிலும் மூங்கில். அதன் உட்புழையோ எலிக்கென்றே அமைத்த அறை! மனிதன் தலைவைத்த மூங்கிலுக்குள்ளேயே எலி குட்டி போட்டது. கூரையின் வேய்ச்சலிலும் கூடுகள் இருந்தன. ஆகவே டச்சு அரசாங்கத்தார் மூங்கிலின் திறந்த வாய்களை அடைக்கச் செய்தனர். இயன்றவிடத்து மரம் வைத்தனர். ஓலையை நீக்கி ஓடு வேய்ந்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகளில் பதினைந்து இலட்சம் வீடுகள் வரை இவ்வாறு திருத்தப்பட்டன.

எலியின்பால் இரங்கி டச்சுக்காரர் இதனைச் செய்தாரல்லர். குடியானவனிடத்தும் அவர்கள் பெரிதும் இரங்கியதாகத் தெரியவில்லை. அவன் வீட்டைப் பிரித்தனர். திருத்திய செலவைக் கடனாக அவன் தலைமேல் ஏற்றினர். அந்நாளில் மாலாங் சென்று ஏழைகளுக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவர், பின்னர் விடுதலைப் போராட்டத்தில் புகழ்பெற்ற டாக்டர் சிப்தோ மங்குன்குசுமோ. பிளேக்கில் பெற்றோரை இழந்த பெண்மகவு ஒன்றை அவர் எடுத்து வளர்த்தார். அதற்குப் 'பெஸ்யாத்தி' என்று பெயரிட்டார்; 'பெஸ்' என்பது அந்நோய்க்கு அங்கு வழங்கும் பெயர்.

நோய் அடங்குமுன் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1934இல் பாண்டுங்கில் ஓட்டன் என்பார் உருவாக்கிய தடுப்பூசியே நோயைத் தணித்தது என்பாரும், வீட்டுத் திருத்தமே தணித்தது என்பாரும் உளர். ஊசி வருமுன்னரே திருத்தப்பட்ட வீடுகள் பலவாதலின், இரண்டுக்கும் பங்குண்டென்றே நமக்குத் தோன்றுகிறது.