வண்டி பூட்டுதல்: ஒரு தாழின் வரலாறு

கள்ளக்குறிச்சி வட்டாரத்து முதியவர் ஒருவர் "வண்டி பூட்டியாச்சா?" என்று கேட்டால், மாடுகளை நுகத்தில் பிணைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிவிட்டீர்களா என்பது பொருள். அவருடைய பேரன் அதே சொற்களால் கேட்டால், கார் யாராலும் நகர்த்த முடியாதபடி அடைக்கப்பட்டுவிட்டதா என்பது பொருள். புறப்பாட்டுக்கும் தடைக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது இரண்டாம் பூட்டை. அதிலும் குறிப்பாக ஸ்டியரிங் பூட்டை.

உண்மையில் அது பூட்டு அன்று, தாழ். வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் ஆளும் அதே தாழ். ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். விரலளவேயான எஃகுத் துண்டொன்று அப்பள்ளங்களில் ஒன்றில் சென்று அமர்ந்துவிட்டால் சக்கரங்களைத் திருப்ப இயலாது. அவ்வளவுதான் கருவி. ஆனால் அத்துண்டு எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது ஒருபோதும் போகக்கூடாது என்னும் கேள்விக்கு விடை காண வாகன உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் செலவிட்டிருக்கிறது.

தொடக்கத்தில் இருந்தது திருட்டு பற்றிய கவலை மட்டுமே. கார் பெருகிய வேகத்தில் கார் திருட்டும் பெருகியதால், மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படும் வண்டிகளுக்கென்றே அமெரிக்கா 1919இல் தனிச்சட்டம் இயற்றியது. ஐரோப்பாவில் நெய்மான் என்பார் அமைத்த திருட்டுத் தடுப்புப் பூட்டு எவ்வளவு பரவிற்று என்றால், பிரெஞ்சு மொழியில் இன்றும் சாவித்துளைப் பூட்டுக்கு 'நெய்மான்' என்பதே பேச்சுவழக்குச் சொல். (காப்புரிமை காலாவதியாகும், அகராதியில் ஏறிய பெயர் அவ்வளவு எளிதில் ஆவதில்லை.) மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில், புதிய கார்கள் மட்டுமன்றிப் பழைய கார்களும் இந்தத் தாழைப் பொருத்தியாக வேண்டும் என்று விதித்தது. திருட்டு வெகுவாகக் குறைந்தது; குறைந்தபடியே நின்றது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் விதித்தது. திருடர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குற்றவியல் ஆய்வாளர்கள் இவ்விரு நாடுகளையும் அருகருகே வைத்து எழுதியவை, ஒரு எஃகுத் துண்டைப் பற்றியனவாயினும் மனித இயல்பைப் பற்றியனவாகவே நமக்குப் படுகின்றன. அமெரிக்க விதி 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட பழைய அம்பாசடரில் சாவித்துளை முகப்புப் பலகையில் இருந்தது. ஸ்டியரிங் தண்டுக்கும் சாவிக்கும் உறவில்லை. இதனால் ஒரு பழக்கம் பிழைத்துக் கிடந்தது. மலையிறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து, வண்டியை அதன் போக்கில் உருளவிடுவது. அன்றும் அது ஆபத்தான பழக்கமே. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகும். எனினும் வண்டியைத் திருப்ப முடிந்தது. சாவியோடு தாழ் இணைந்த கார்கள் பெருகிய பின்னும் அப்பழக்கம் மறையவில்லை. அவ்வகைக் காரில் சாவியைக் கடைசி நிலைவரை திருப்பி உருவிவிட்டால், அடுத்த வளைவில் ஸ்டியரிங் திரும்பாது.

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையருகே ஏறத் தொடங்கும் கல்வராயன் மலைச்சாலையை நினைத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4000 அடி என்று பழைய அரசிதழ்க் குறிப்புகள் கூறும். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. சமவெளியில் தாத்தா காலத்திலேயே பழகிய மோட்டார் வண்டி, இங்கே பல ஊர்களுக்கு நேற்று வந்த விருந்தாளி. அந்தச் சாலையின் வளைவொன்றில் தாழ் தானாக விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாழுக்கு இரண்டே பிழைகள் உண்டு. நிற்கும் வண்டியில் திறக்க மறுப்பது ஒன்று. ஓடும் வண்டியில் மூடிக்கொள்வது மற்றொன்று. சாவியைச் சுழற்றும் கைவிசையே தாழை இழுத்த காலத்தில் இரண்டாம் பிழைக்குப் பெரும்பாலும் மனிதன்தான் காரணம். 1990களின் இறுதியில் சாவி சுழற்றாத கார்கள் வந்தன. பொத்தானை அழுத்தும் விரலால் தாழை இழுக்க முடியாதாகையால், சிறு மின்மோட்டார் ஒன்றிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அத்தோடு, தாழைக் கணினியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக்கினார்கள். இப்போது கணினி தவறினால்?

தவறியதற்குச் சான்று உண்டு. 1997 முதல் 2004 வரை வெளிவந்த செவ்ரோலே கார்வெட் கார்களில் மின்தாழ் இருந்தது. அதன் திரையில் 'சாவியை எடு, பத்து விநாடி பொறு' என்ற வாசகம் தோன்றினால் தாழ் திறக்கவில்லை என்று பொருள். அக்கார் உரிமையாளர்களிடையே அவ்வாசகம் கிட்டத்தட்ட ஒரு பழமொழியாயிற்று. திறக்காமை தொல்லை, ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளக்கூடும் என்ற ஐயம் அச்சம். 2004இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் சீர்செய்யத் திரும்ப அழைக்கப்பட்டன.

இத்தகைய பாடங்களுக்குப் பின் பொறியாளர்கள் எடுத்த முடிவை நாம் நியாயமானதென்றே கருதுகிறோம். பிழை நேர்ந்தே தீருமெனில் அது முதல் வகையாக இருக்கட்டும் என்றார்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் தாழின் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரமே துண்டிக்கப்படும்படி அமைத்தார்கள். தாழ் முழுவதும் விலகியதை உள்ளிருக்கும் நுண்சுவிட்சு உறுதிசெய்யாவிட்டால் எஞ்சின் உயிர்பெறாது. ஆகவே வெள்ளிமலையில் விடியற்காலையில் பொத்தானை அழுத்தி, விளக்கெல்லாம் எரிந்தும் எஞ்சின் அசையாமல் நிற்கும் கார், நம்மை வஞ்சிக்கவில்லை. வளைவில் செய்திருக்கக்கூடியதை வாசலில் செய்கிறது.

அங்கே அது அடிக்கடி நேர்வதற்கு மலைக்கே உரிய காரணமும் உண்டு. சரிவில் நிறுத்துவோர் முன்சக்கரத்தை ஓரமாகத் திருப்பிக் கல்லில் முட்டவைப்பது நல்ல வழக்கம். ஆனால் அப்படி முறுக்கிய நிலையில் எஞ்சினை அணைத்தால், சக்கரத்தின் இறுக்கம் முழுவதும் தாழின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். இரவுக் குளிரில் பேட்டரியும் சோர்ந்திருக்க, நலிந்த மோட்டாரால் அவ்விறுக்கத்தில் தாழை உருவ இயலாது. எனவே முதல் மருத்துவம் எளிது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது பணிமனையாளர்கள் சொல்லக் கேட்டது.

தீராதபோது காதைப் பயன்படுத்த வேண்டும். பொத்தானை அழுத்துகையில் ஸ்டியரிங் தண்டின் அடியில் 'கிர்' என்ற சிற்றொலி எழுகிறதா? ஒலி எழுந்தும் திறக்கவில்லையெனில் தாழ் சிக்கியிருக்கிறது. ஒலி எழுந்து ஸ்டியரிங்கும் விடுபட்டு, எஞ்சின் மட்டும் மறுத்தால் நுண்சுவிட்சு பொய் சொல்கிறது. ஒலியே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டாரின் கரித்தூரிகை தேய்ந்துவிட்டது, அல்லது கணினி ஆணையிடவே இல்லை. சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தாலும் இவ்வாறே நடக்கும். சாவியைப் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு பெரிய பேட்டரி. ஓய்விலிருக்கையில் 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12க்குக் கீழே போனால் தாழைக் குறைசொல்வதற்குமுன் பேட்டரியையும் அதன் தரை இணைப்பையும் பார்ப்பதே முறை. அவசரத்தில் பலர் இப்படிநிலையைத் தாண்டிப் புதுத் தாழ் வாங்கிவிடுகிறார்கள்.

தாழே பழுதென்று உறுதியானால் மலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். புதிய தாழைத் திருகி மாட்டினால் மட்டும் போதாது. காரின் இரகசியக் குறியீட்டைக் கணினி வழியே அதற்குக் கற்றுத்தர வேண்டும். இச்செலவுக்கு அஞ்சுவோர், தாழை அறவே நீக்கிவிட்டு, அது திறந்தே இருப்பதாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சிறு மின்பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். சாவியின் குறியீடு பொருந்தாமல் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். நம் கார்களிலும் இன்று பரவலாக உண்டு. அது இருக்கையில் தாழின் காவல் இரண்டாம் காவலே என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் உண்டு. நாம் அஞ்சுவது வேறொன்றை. அரைகுறையாக விலகிய தாழை உள்ளேயே விட்டு, கம்பியை மட்டும் வெட்டி, சுவிட்சை ஏமாற்றி வண்டியை ஓட்டித் தருவோரும் உளர். அந்தக் காரை வாங்கிக்கொண்டு மீண்டும் கரியாலூர் ஏறுவோருக்கு, ஸ்டியரிங் தண்டின் பள்ளத்துக்கு அருகே என்ன நின்றுகொண்டிருக்கிறது என்று தெரியாது.