நீர் வேறு, நீர் வழங்கல் வேறு

மழை பெய்வது வானின் செயல். அம்மழையைத் தேக்கித் தூய்மையாக்கி வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பது மாந்தர் செயல். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மறந்த நகரம் துன்புறும் என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறே தக்க சான்றாகும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 2,400 மில்லி மீட்டர் மழை பொழிகின்றது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நகர மக்கள் கிணறுகளையும், மாட்டுவண்டியில் வந்த தண்ணீரையுமே நம்பி வாழ்ந்தனர். கிரேத்தா ஆயர் என்னும் வட்டாரப் பெயர் அதற்கு இன்றும் சாட்சி கூறுகின்றது. மலாய் மொழியில் அதற்குத் ‘தண்ணீர் வண்டி’ என்பது பொருள்.

1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகருக்கு நல்ல நீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். திட்டம் வகுப்பதிலேயே காலம் கழிந்தது. 1864இல் கொடையாளர் மறைந்தார். தாம்சன் சாலையருகே நீர்த்தேக்கம் 1860களின் இறுதியில் எழுந்தது. எனினும் நீரை ஏற்றும் இயந்திரங்களும், நகருக்குச் செல்லும் குழாய்களும் நிறைவுற்றது 1877இல்தான். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நீர் தேக்கத்தில் இருந்தது. தாகம் நகரில் இருந்தது. வள்ளலின் நினைவாக 1882இல் ஒரு நீரூற்று அமைக்கப்பட்டது. நீர்த்தேக்கம் பிற்காலத்தில் மெக்ரிட்சி என்னும் நகராட்சிப் பொறியாளரின் பெயரைப் பெற்றது.

மக்கள் பெருகவே தீவின் நீர் போதாதாயிற்று. 1927இல் ஜொகூருடன் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. குனோங் பூலாய் மலைநீர் குழாய் வழியே கடலிடுக்கைக் கடந்து வந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அக்குழாயும் அறுந்தது. அடுத்த இரு வாரங்களில் குண்டுவீச்சால் நகரக் குழாய்கள் உடைந்து, தேக்கங்களில் இருந்த நீர் வீணே தெருவில் ஓடியது. பிப்ரவரி 15ஆம் நாள் நகரம் சரணடைந்ததற்கு இத்தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணமாயிற்று. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை வறட்சியால் நீர்ப்பங்கீடு நடைபெற்றது. அப்போது வாளியும் பீப்பாயுமாக வரிசையில் நின்றவர்கள் நீரின் அருமையை மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நினைவே பிற்காலத் திட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை நடப்பிலிருக்கும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன்வரை பெறலாம். ஆனால் ஆறும் மழையை நம்பியதே. அவ்வாற்றுக்குத் துணையான லிங்கியூ தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காடாகத் தாழ்ந்தது. ஆற்றோட்டம் குறைந்தால் கடலின் உப்பு மேலேறும். ஆகவே 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீரும், 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் வந்தன. இவை மழையை எதிர்பார்ப்பதில்லை, மின்சக்தியை எதிர்பார்க்கின்றன. கடல்நீர் முறையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் மூன்றரை அலகு மின்சாரம் செலவாகும். வறட்சிக்கு அஞ்சிய நகரம் எரிபொருள் விலைக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் ஒரு கன மீட்டர் நீரின் கட்டணம் 3.24 வெள்ளியாக உயர்ந்தது.

மலேசியாவின் சிக்கல் வேறு வகையானது. அங்கே ஆறுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டணமாக மாறுவதில்லை. அதிற் பெரும்பகுதி பழங்குழாய்களில் கசிந்து மண்ணிற் கலக்கின்றது. கட்டணம் குறைவாயின் குழாயை மாற்றப் பணமில்லை. குழாயை மாற்றாவிடில் நீர் இழப்பு. இழப்பை ஈடுகட்டப் புதிய அணை. அணைக்கு மேலும் பணம். இச்சுழலினின்று மீளவே 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 காசு உயர்த்தப்பட்டது. கட்டணம் ஏறும்போது ஏழை வீடுகள் வருந்தும் என்பது மெய். ஆனால் குழாய் வறண்டால் முதலில் வருந்துவோரும் அவர்களே. ஏழைக்குச் சலுகை தருவது வேறு. குழாயைப் பழுதுபட விடுவது வேறு.

டான் கிம் செங் வழங்கிய பொருள் நல்லெண்ணத்திற் குறைந்ததன்று. அதனைக் குழாயாக மாற்றும் திறமே அன்று குறைந்திருந்தது. மண்ணுக்கடியில் கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கும் குழாயைப் பேணுவதற்கு நினைவுச் சின்னம் எழுவதில்லை. ஆயினும் நகரம் வாழ்வது அதனால்தான்.